மலையகத்தில் தலசீமியாவோடு: சாப்பாடு, வயிறு, தேத்தண்ணி

பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியா என்று கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மருந்துக்கு முன்னால் வந்து சேர்வது அறிவுரைதான். பீட்ரூட் சாறு கொடு, ஈரல் வறுத்துக் கொடு, பேரீச்சம்பழத்தைத் தேனில் ஊறவைத்துக் கொடு. பக்கத்துக் காம்பரா ஆச்சி முதல் கடை முதலாளி வரை எல்லாருக்கும் ரத்தம் குறைந்தால் என்ன செய்வது என்று தெரியும். அவர்கள் சொல்வது இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகைக்குச் சரி. தோட்டப் பக்கம் பெண்கள் பலருக்கு அந்தச் சோகை இருப்பதால் அந்த அறிவுரையும் ஊரில் வேரூன்றிவிட்டது. தலசீமியா உள்ளவருக்கோ அதே சாப்பாடு எதிர்ப்பக்கம் வேலை செய்யும்.

அண்மையில்தான் நோயைத் தெரிந்துகொண்டவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு இருப்பது ஹீமோகுளோபின் ஈ பீட்டா வகை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியர் வேலை. நான் சொல்லப்போவது அடுப்படிக்கும் வயிற்றுக்கும் இடையில் நடப்பதை.

முதல் படி: கொப்பியைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்

எதைச் சமைக்கலாம் என்று கேட்குமுன் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் கிறுக்கியிருப்பார்கள். வாசிக்க வராவிட்டால் வெட்கப்படாமல் தாதி மிஸ்ஸிடம் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, என்ன வகை. மேஜர் (கடுமையான வகை), ஈ பீட்டா, இன்டர்மீடியா (நடுத்தர வகை) என்று ஏதாவது இருக்கும். "ட்ரெயிட்" அல்லது "கரியர்" என்று இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். அது நோயல்ல, தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பழுதான மரபணு மட்டும் வந்திருக்கிறது. அப்படிப்பட்டவர் எல்லாரையும் போலச் சாப்பிடலாம். கரியராக இருப்பவருக்கு இரும்புக் குறைவும் சேர்ந்தே இருக்கக்கூடும்; அது இருக்கிறதா இல்லையா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், முகம் வெளிறியிருப்பது சொல்லாது. கணவன் மனைவி இருவரும் கரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிக்கிற குடும்பங்கள் நிச்சயம் பேசுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, ரத்தம் ஏற்றுகிறார்களா, எத்தனை வாரத்துக்கு ஒரு முறை. மூன்றாவது, கடைசியாகப் பார்த்த ஃபெரிட்டின் எவ்வளவு. உடம்பில் சேர்ந்துகிடக்கும் இரும்பை அந்த எண் ஓரளவு காட்டும். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அதை 1000க்குக் கீழே வைத்திருக்கத்தான் வைத்தியர்கள் பொதுவாகப் பாடுபடுவார்கள். காய்ச்சல், தொற்று இருக்கும்போது அது தற்காலிகமாக ஏறும். அதனால் ஒரு முறை கூடிவிட்டது என்று அழ வேண்டாம்.

இரும்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? சாதாரணச் சோகையில் சிவப்பணு செய்ய இரும்பு போதவில்லை. தலசீமியாவில் இரும்பு இருக்கிறது, குளோபின் என்ற புரதம்தான் சரியாக உருவாகவில்லை. அதனால் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்துபோகின்றன. ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வருகிறது. உடம்பு தானாக வெளியேற்றுவதோ ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம். வடிகால் இல்லாத வாசலில் மழைத் தண்ணீர் நிற்பது போல மிச்சமெல்லாம் ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் தங்கிவிடுகிறது.

இரண்டாம் படி: நீங்கள் எந்தப் பக்கம்

மாதா மாதம் ரத்தம் ஏற்றுபவருக்கும் எப்போதாவது மட்டும் ஏற்றுபவருக்கும் சாப்பாட்டுக் கணக்கு ஒன்றல்ல. பல வீடுகளில் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் பிள்ளைகள் வீணாகப் பட்டினி கிடக்கிறார்கள்.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றும் பிள்ளைக்கு இரும்பில் பெரும்பங்கு பையிலிருந்துதான் வருகிறது. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது நாளுக்குச் சில மில்லிகிராம். அந்தச் சில மில்லிகிராமுக்குப் பயந்து மீன் இல்லை, கீரை இல்லை, முட்டை இல்லை என்று ஒதுக்கினால் ஃபெரிட்டின் பெரிதாக இறங்காது, பிள்ளைதான் வளராமல் நிற்கும். இவர்களுக்கு இரும்பை இறக்குவது மருந்து. ஈரல், ரத்த வறுவல் போன்றவற்றை விட்டுவிடுங்கள், ஆட்டிறைச்சி மாட்டிறைச்சியை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி வயிறு நிறையச் சாப்பிடட்டும்.

ரத்தம் அதிகம் ஏற்றாத இன்டர்மீடியா, ஈ பீட்டா ஆட்கள் கதை வேறு. சோகை இருப்பதால் உடம்பு ஏமாந்து, இரும்பு போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, சாப்பாட்டிலிருந்து மற்றவர்களைவிடப் பல மடங்கு இரும்பை இழுக்கிறது. பை ஏற்றாமலேயே வருடக்கணக்கில் இரும்பு சேர்வது இப்படித்தான். "எனக்கு ரத்தம் ஏற்றுவதில்லை, அதனால் பயமில்லை" என்று இருந்துவிடுகிறவர்கள் இவர்கள்தான். அடுத்த படி முக்கியமாக இவர்களுக்கு.

மூன்றாம் படி: தேத்தண்ணியை எப்போது குடிப்பது

நம்மூர்க் கொழுந்துக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் மரக்கறி, தானியம், பருப்பிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்சாமல் தடுக்கும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடித்தால் அப்படி உறிஞ்சப்படுவது பாதிக்கும் மேல் குறையக்கூடும். இறைச்சி, மீனில் உள்ள இரும்பை அது அவ்வளவாகத் தடுக்காது.

ஆக, ரத்தம் அதிகம் ஏற்றாத தலசீமியா ஆட்கள் தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்த்தே குடிக்கலாம். ரொட்டியோடு ஒரு கோப்பை, பகல் சோற்றுக்குப் பின்னால் உடனே ஒரு கோப்பை. சீனி குறைவாக இருக்கட்டும். இரும்பு சேர்ந்தால் கணையமும் பழுதாகி நீரிழிவு வரக்கூடும் என்பதால் இனிப்புத் தேத்தண்ணி பழக்கம் பின்னால் வம்பு. மருந்தைத் தேத்தண்ணியால் ஈடுகட்ட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகளுக்குப் போத்தலில் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், அது சோறு இறங்க வேண்டிய இடத்தை அடைத்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே வீட்டில் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு இரும்புக் குறைவுச் சோகை இருக்கலாம். அவருக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி கூடவே கூடாது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். ஒரே கேத்தல், ஒரே ரொட்டி, ஆனால் மகளுக்கு உடனே, அம்மாவுக்குப் பிறகு. அம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசை மகளின் கைக்கு எட்டாமலும் இருக்க வேண்டும். இரண்டு பேரின் குளிசையையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பார்த்தாலே பதறும்.

புளிப்பும் பழமும் எதிர்ப்பக்கம் இழுக்கும். தேசிக்காய், கொய்யா, தோடம்பழம், நெல்லிக்காய் எல்லாவற்றிலும் வைட்டமின் சி நிறைய உண்டு. அது இரும்பை உறிஞ்ச வைக்கும். பழத்தை விட வேண்டாம், சாப்பாட்டு நேரத்தைவிட்டுத் தள்ளி வையுங்கள். பத்து மணிக்கு ஒரு கொய்யா, அவ்வளவுதான். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சமாக விடலாம். தடிமனுக்கு என்று ஃபார்மசியில் வாங்கிச் சப்பும் வைட்டமின் சி குளிசை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். இரும்பு நிறையச் சேர்ந்தவர் அதை அதிக அளவில் எடுத்தால் இதயத்துக்குக் கெடுதி. டெஸ்ஃபெரால் என்ற இரும்பை இறக்கும் ஊசி போடுகிறவர்களுக்குச் சில வேளை வைத்தியரே சிறிய அளவில் வைட்டமின் சி எழுதுவார், அது வேறு கணக்கு.

நான்காம் படி: சட்டியும் டின்னும்

இரும்புத் தாச்சியில் புளி, தக்காளி போட்டு நேரமெடுத்துக் காய்ச்சினால் சட்டியிலிருந்தே இரும்பு கறியில் இறங்கும். மீன் குழம்பை மண்சட்டிக்கு மாற்றுங்கள், ருசியும் அதில்தான். ரொட்டிக்கல்லில் ரொட்டி சுடுவது பற்றிக் கவலை வேண்டாம், அதில் புளிப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அடுத்தது டின்னில் வரும் சத்து. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவில் இரும்பு சேர்த்திருக்கிறார்கள். பிள்ளை நிறை குறைவாக இருக்கிறது என்று மிட்வைஃப் மிஸ் பக்கெட்டை நீட்டினால், "இவனுக்குத் தலசீமியா, கிளினிக்கில் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறேன் மிஸ்" என்று சொல்லுங்கள். பாடசாலையில் பிள்ளைகளுக்கு இரும்புக் குளிசை கொடுப்பதுண்டு. வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். மோல்ட் பானம், காலைச் சத்துமா, சில பால்மா ஆகியவற்றின் லேபலில் அயன் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுகம் விசாரிக்க வருகிறவர்கள் இந்த டின்னையும் பேரீச்சம்பழப் பக்கெட்டையும்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மனம் நோகாமல் வாங்கிக்கொண்டு பக்கத்தில் கர்ப்பிணி யாராவது இருந்தால் கொடுத்துவிடலாம். மூன்றாவது முறை ஊரே கற்றுக்கொண்டுவிடும்.

ஃபோலிக் அமிலம் கிளினிக்கில் கொடுப்பார்கள், முக்கியமாக ரத்தம் குறைவாக ஏற்றுபவர்களுக்கு. அது தீர்ந்துபோய்க் கடையில் வாங்கும்போது கவனியுங்கள். ஃபோலிக் மட்டும் உள்ளது ஒன்று, இரும்பும் ஃபோலிக்கும் சேர்ந்தது இன்னொன்று. உங்களுக்கு முதலாவதுதான்.

கீரையைக் கண்டு பயப்பட வேண்டாம். வல்லாரை, பொன்னாங்கண்ணி, முருங்கை இலை எல்லாவற்றிலும் இரும்பு உண்டு, ஆனால் அது குடலுக்குள் எளிதில் போகிற இரும்பல்ல. நாருக்கும் ஃபோலேட்டுக்கும் கீரை வேண்டும். வெறும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் மூன்று வேளையும் தின்று மலச்சிக்கலோடு இருப்பதைவிட ஒரு சுண்டல் எவ்வளவோ மேல். மாவில் பாதி குரக்கன் கலந்தால் நாரோடு கல்சியமும் சேரும். போஞ்சி, கரட், கோவா, நோக்கோல் எல்லாம் நம் வாசலிலேயே விளைகிறவை. விற்கிறதை விற்றுவிட்டு மிச்சத்தைத்தான் சமைக்கிறோம் என்பது வேறு கதை.

ஐந்தாம் படி: தண்ணீர்

முன் சொன்ன படிகளில் ஒன்றிரண்டு தவறினாலும் நாளாக ஆகத் திருத்திக்கொள்ளலாம். இதில் தவறினால் அந்த வாரமே வைத்தியசாலை வாசல்.

இரும்பு நிறைந்த உடம்பு சில கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். யெர்சினியா என்று ஒரு குடல் கிருமி இருக்கிறது. சாதாரண ஆளுக்கு அது நாலு நாள் வயிற்றோட்டத்தோடு போய்விடும். இரும்பு சேர்ந்தவருக்கு, அதிலும் டெஸ்ஃபெரால் ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கு, அது ரத்தத்துக்குள்ளேயே புகுந்துவிடக்கூடும். அந்த மருந்து பிடித்துவைத்திருக்கும் இரும்பை அந்தக் கிருமி தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறது. சுத்தமில்லாத தண்ணீர், காய்ச்சாத பால், சரியாக வேகாத பன்றி இறைச்சி வழியாக அது வரும். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் பெருகும். மண்ணீரலை எடுத்தவர்களுக்கு எந்தத் தொற்றுமே ஆபத்து. இரும்பை இறக்க டிஃபெரிப்ரோன் என்ற மருந்து குடிக்கிறவர்களுக்கு வெள்ளை அணுக்கள் திடீரென்று குறையலாம். ஆக மூன்று பக்கமும் இடி.

மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மேலே எந்த டிவிஷன் மாட்டுப்பட்டி இருக்கிறது, எந்த லயத்துக் கக்கூஸ் குழி நிறைந்திருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. மே மாதம் தென்மேற்கு மழை பிடித்ததும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தண்ணீர் கலங்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசி மழையில் அதே கதை. கலங்கல் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்து, கொஞ்ச நேரம் தெளியவிட்டு, பிறகு கொதிக்க வையுங்கள்.

கொதிப்பது என்றால் குமிழி பொங்கிப் புரள வேண்டும். ஆவி பறந்தாலே போதும் என்று இறக்கிவிடக் கூடாது. நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். கிருமி சாக அது போதும். புரண்டு கொதிக்கும் தண்ணீரை ஒரு நிமிடம் விட்டாலே சரி, மூன்று நிமிடம் விட்டால் சந்தேகமே இல்லை. விறகு கஷ்டம் என்று தெரியும். காலையில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும்போதே ஒரு பெரிய கேத்தல் தண்ணீரையும் கொதிக்க வைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் ஆற விடுங்கள். கையை விட்டு மொள்ளாமல் சரித்து ஊற்றுங்கள். மலைக்கும் பாடசாலைக்கும் அந்தத் தண்ணீர்ப் போத்தல்தான் போக வேண்டும். பிள்ளை தண்ணீர்க் குழாயில் வாயை வைத்துக் குடிக்கிறானா என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பதிலும் தப்பில்லை.

வல்லாரை ஈரத்தில், கான் ஓரத்தில் வளரும் செடி. பச்சைச் சம்பல் போடுவதானால் இலை இலையாக ஓடும் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலைக் கொதித்தாறிய தண்ணீரில் செய்யுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்கும் வெள்ளை அணு குறைந்தவருக்கும் பச்சையாக வேண்டாம், சுண்டியே கொடுங்கள். பக்கத்து வீட்டில் கறந்த பாலைப் பொங்கக் காய்ச்ச வேண்டும். தயிர் வயிற்றுக்கு நல்லது, கல்சியமும் கிடைக்கும். காய்ச்சிய பாலில் வீட்டிலேயே உறை ஊற்றினால் சிறப்பு, வாங்கினால் மூடி ஊதியிருக்காத, திகதி தாண்டாத யோகட். ரோட்டோரம் வெயிலில் காயும் சட்டித் தயிரை நான் வாங்குவதில்லை. காட்டுப் பன்றி இறைச்சி யாராவது கொண்டுவந்தால் உள்ளே சிவப்புத் தெரியாமல் வேக வேண்டும்.

வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பதால் கொக்கிப் புழு வரும், அது குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். செருப்பு போடுங்கள், பூச்சி மருந்து எப்போது எடுப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள்.

ஆறாம் படி: மருந்தும் வயிறும்

இரும்பை இறக்கும் மருந்துகள் மூன்று. மூன்றும் வயிற்றோடு வெவ்வேறு விதமாகப் பழகும்.

டிஃபெராசிரோக்ஸ் தினம் ஒரு முறை. தண்ணீரில் கரைக்கும் வகையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலமாவது முன்னால் குடிக்க வேண்டும். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டு, பிளாஸ்டிக் கரண்டியால் கலக்குங்கள். தோடம்பழச் சாற்றிலும் கரைக்கலாம். பாலிலும் சோடாவிலும் வேண்டாம், நுரைத்துக்கொண்டு கரையாமல் கிடக்கும். அடியில் தங்கியதை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடித்துவிடுங்கள். மேலே பூச்சுப் பூசிய, அப்படியே விழுங்கும் வகையும் இருக்கிறது, அதை லேசான சாப்பாட்டோடு எடுக்கலாம். இரண்டில் எது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்பத்தில் குமட்டல், வயிற்று வலி, இளகிப் போவது எல்லாம் சகஜம். கரைக்கும் வகையில் லக்டோஸ் என்ற பால் சீனி இருப்பதால் பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு வயிறு கொஞ்சம் கூடுதலாகக் கலங்கும். அப்படி என்றால் மாத்திரையை இரகசியமாக ஜன்னலால் எறியாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். மாற்றிக் கொடுக்கவோ அளவைச் சரிசெய்யவோ வழி உண்டு.

இந்த மருந்தோடு அலுமினியம் உள்ள நெஞ்செரிச்சல் மருந்து சேராது. மூட்டு வலிக்கு என்று கடையில் சில்லறையாக வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனக், இபுபுரோஃபன் வகைகளும் சேராது. வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். கரித் தார் மாதிரி மலம் போனால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். பீட்ரூட் தின்றதால் சிவந்தால் அது வேறு. டெஸ்ஃபெரால் போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், டிஃபெரிப்ரோனிலும் நிறம் மாறும். இரண்டிலும் பயமில்லை.

வயிற்றோட்டம் அதிகமானால் உடம்பில் தண்ணீர் வற்றி, டிஃபெராசிரோக்ஸ் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். அன்றைய மருந்தை எடுப்பதா விடுவதா என்று உடனே கேட்க வேண்டும். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பக்கெட் இரண்டு மூன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. பாதிப் பக்கெட்டைக் கண் மதிப்பில் கரைக்கிற வேலை வேண்டாம்.

டிஃபெரிப்ரோன் நாளுக்கு மூன்று முறை. சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ரத்தம் பார்க்க ஓட வேண்டும், பனடோல் போட்டுப் படுக்கக் கூடாது. டெஸ்ஃபெரால் இரவில் பம்ப் வைத்துத் தோலுக்குக் கீழே ஏற்றுவது. காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் அன்றிரவு போடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஏழாம் படி: மற்றவை, சுருக்கமாக

மண்ணீரல் பெருத்திருந்தால் இரைப்பையை அமுக்கும். நாலு வாய் சோற்றிலேயே பிள்ளை போதும் என்பான். அடம்பிடிக்கிறான் என்று அடிக்காதீர்கள். மூன்று வேளையை ஆறாக்கிச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

சிவப்பணு உடைவதால் பித்தப்பையில் கல் சேரும். எண்ணெய்ப் பலகாரம் தின்ற பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே குத்தினால் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எலும்பு மெலிவதும் இந்த நோயோடு வருவதுதான். முள்ளோடு தின்னும் நெத்தலி, தயிர், குரக்கன் எல்லாம் நல்லது. வைட்டமின் டி குறைந்திருந்தால் கிளினிக்கில் குளிசை தருவார்கள்.

வயதுக்கு வந்த பையன்களுக்கு ஒரு வார்த்தை. சாராயமும் கசிப்பும் ஈரலைக் கெடுக்கும், இரும்பை இன்னும் இழுக்கவும் வைக்கும். உங்கள் ஈரல் ஏற்கனவே ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது.

எட்டாம் படி: எப்போது காத்திருக்கக் கூடாது

காய்ச்சல் 38 பாகையைத் தாண்டுவது, காய்ச்சலோடு வயிற்று வலி அல்லது வயிற்றோட்டம், அப்பெண்டிக்ஸ் போல வலப்பக்கக் கீழ்வயிறு வலிப்பது, கறுப்பு மலம், கண் வழக்கத்தைவிட மஞ்சளாகிச் சிறுநீர் கறுப்பது, திடீரென்று மூச்சு வாங்குவது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் காசில்லாமல் வரும். லயத்துக்கு வழி சொல்வதுதான் பெரும்பாடு. தோட்டப் பெயர், டிவிஷன், மெயின் ரோட்டில் எந்த வளைவில் திரும்புவது, அடையாளத்துக்கு எந்தக் கோயில் என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். சிங்களத்திலும் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

அதே காகிதத்தின் இன்னொரு பிரதி கொப்பிக்குள் இருக்கட்டும். அதில் என்ன வகைத் தலசீமியா, மண்ணீரல் இருக்கிறதா எடுத்ததா, என்ன மருந்து, எந்த வைத்தியசாலைக் கிளினிக், கடைசி ரத்தம் எப்போது என்று இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள சிறிய ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருப்பவர் உங்களை முன்பின் பார்த்திருக்க மாட்டார். வயிற்றோட்டம் என்று மட்டும் சொன்னால் மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம். "தலசீமியா, டெஸ்ஃபெரால் போடுகிறேன்" என்ற சொல்தான் அவரை நிமிர்ந்து பார்க்க வைக்கும்.

கிளினிக் நாள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்டியிலும் பதுளையிலும் தலசீமியாப் பிரிவுகள் இருக்கின்றன, தேசிய நிலையம் குருநாகலில். எங்கே போவதானாலும் விடியுமுன் பஸ் ஏற வேண்டியிருக்கும், திரும்ப இரவாகும். ரத்தம் ஏற்றும் நாளில் வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ரொட்டியும் பருப்பும், அவித்த முட்டை, கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல் என்று கட்டிக்கொண்டு போங்கள். வளைவுப் பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்குப் பஸ் ஏறுமுன் கொஞ்சமாகவும் இறங்கியபின் மிச்சத்தையும் கொடுக்கலாம். சீனிப் பரிசோதனை, பித்தப்பை ஸ்கேன் போன்ற சிலவற்றுக்குத்தான் பட்டினி தேவை. எதற்கு, எத்தனை மணித்தியாலம் என்பதை முந்தின முறையே கேட்டுக் கொப்பியின் பின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.